ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர்

என் பழைய குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது: ஒரே ஒரு ரை செடியின் வேர்கள் ஒரு நாளைக்கு 5 கிலோமீட்டர் வளர்கின்றன. எங்கேயோ படித்து, அசந்துபோய், அப்படியே எழுதி வைத்தது. நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு. சமீபத்தில் அந்த வரி மறுபடி கண்ணில் பட்டபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது. மண்ணுக்குள்ளே இருக்கிற வேரைத் தினமும் யார் பார்த்தாங்க? எப்படிப் பார்த்தாங்க?

தேடிப் போனால், அந்த எண்ணின் பின்னால் நிற்பவர் ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். 1937-இல் வெளிவந்த ஆய்வு. கோதுமைக்கு உறவான ரை தானியச் செடி ஒன்றை, 12 அங்குல நீள அகலமும் 22 அங்குல ஆழமும் உள்ள பெட்டியில் நான்கு மாதம் வளர்த்தார். பிறகு மண்ணைத் தண்ணீரால் கழுவி நீக்கி, வேர்களைப் பிரித்து அளந்து கணக்கிட்டார். வந்த விடை: 1,38,15,762 வேர்கள், மொத்த நீளம் 387 மைல், அதாவது சுமார் 623 கிலோமீட்டர். வேர்த்தூவிகள் தனிக்கணக்கு, அவை மட்டும் 1,400 கோடி.

இப்போ 623-ஐ 120 நாளால் வகுத்துப் பாருங்க. 5 கிலோமீட்டர் சொச்சம் வரும். என் குறிப்பேட்டு வரியின் ரகசியம் அவ்வளவுதான். அது யாரும் கண்ணால் கண்டதில்லை, வெறும் வகுத்தல். வருஷக் கடைசியில் பாஸ்புக்கில் இருக்கும் தொகையை 365-ஆல் வகுத்துவிட்டு, தினமும் இவ்வளவு சம்பாதித்தான் என்று சொல்வது மாதிரி. முளைவிட்ட முதல் நாள் அந்த ரை செடிக்கு ஒருசில வேர்கள்தான் இருந்திருக்கும். அது எப்படி அன்றைக்கு 5 கிலோமீட்டர் ஓடும்? கிளைக்குமேல் கிளை விட்ட பிறகுதான் கணக்கு எகிறியிருக்கும். எந்த வாரத்தில் எகிறியது என்று கேட்டால், அந்தச் செடியால் பதில் சொல்ல முடியாது. அதைத்தான் கழுவி எடுத்தாச்சே.

இது டிட்மரின் குற்றமல்ல. அவர் கேட்டது 'எவ்வளவு' என்ற கேள்வி. அதற்கு ஒரு செடியைப் பலி கொடுத்தால் போதும். 'எப்போது, எப்படி' என்பதற்குச் செடி உயிரோடு இருக்க வேண்டும். நிறைய செடிகளை நட்டு, வாரம் சிலவற்றைத் தோண்டிப் பார்க்கலாம்தான். பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் போன வாரம் தோண்டியது ஒரு செடி, இந்த வாரம் தோண்டுவது வேறொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் வளர்ச்சி எவ்வளவு, பிறவி வேறுபாடு எவ்வளவு? இடையில் முளைத்து, மடிந்து, மட்கிப்போன வேர்கள் கணக்கிலேயே வராது.

உயிரோடு பார்க்கும் வழியை அதற்கும் அறுபது வருஷம் முன்னாலேயே ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் யூலியஸ் சாக்ஸ் செய்து காட்டியிருந்தார். இளம் அவரை வேரின் மீது சம இடைவெளியில் மையால் கோடுகள் போட்டார். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், நுனியை ஒட்டிய சில மில்லிமீட்டர் பகுதியில்தான் கோடுகள் விலகியிருந்தன. மேலே இருந்த கோடுகள் போட்டது போட்டபடி. வேர் ரப்பர் மாதிரி முழுசாக நீள்வதில்லை, நுனிக்குச் சற்றுப் பின்னால்தான் நீள்கிறது என்பது அப்படித்தான் தெளிவானது. மண்ணில் வளரும் வேரைப் பார்க்க, ஒரு பக்கக் கண்ணாடி சாய்வாக அமைந்த பெட்டியையும் பயன்படுத்தினார். வேர் நேர்க்கீழே போக முயலும். சாய்ந்த கண்ணாடி வழிமறிக்கும். அதை ஒட்டியே வேர் இறங்கும். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

டிட்மரின் ஆய்வு வெளிவந்த அதே 1937-இல், ஜி. எச். பேட்ஸ் என்பவர் நேச்சர் இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். மண்ணுக்குள் ஒரு கண்ணாடிக் குழாயை இறக்கி, அதன் சுவரை ஒட்டி வளரும் வேரைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் வழி அது. டிட்மரின் எண் உலகம் சுற்றியது. பேட்ஸின் குழாயோ பல பத்தாண்டுகள் கழித்துத்தான், சின்ன வீடியோ கேமராக்கள் வந்த பிறகு, வயல்களுக்கும் காடுகளுக்கும் பரவலாகப் போனது. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் பழ ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களில் நிலத்தடி அறையே கட்டினார்கள். சுவரெல்லாம் கண்ணாடி ஜன்னல். அந்தப்பக்கம் பழமர வேர்கள். வெள்ளையாகப் பிறந்த வேர் பழுப்பாவதையும், சில வேர்கள் மடிந்து மறைவதையும் ஒரே இடத்தில் நின்று தொடர்ந்து பார்க்க முடிந்தது. டிட்மரின் பெட்டியில் பார்க்கவே முடியாத விஷயம் இது.

அப்போ கண்ணாடிதான் உண்மையா? அதுவும் முழு உண்மை இல்லை. கண்ணாடியில் ஒட்டிய வேர் மட்டும்தான் தெரியும், பின்னால் இருப்பது தெரியாது. வெளிச்சம் பட்டால் வேரின் போக்கு மாறலாம் என்பதால், பார்க்காத நேரத்தில் மூடி வைக்க வேண்டும். குழாயை இறக்கும்போதே மண் கலைகிறது; அது பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதம் காத்திருக்க வேண்டும். மருத்துவமனை சிடி ஸ்கேன் மாதிரி எக்ஸ்-கதிர் விட்டு, தொட்டியோடு முப்பரிமாணப் படம் எடுக்கும் வழியும் இப்போது இருக்கிறது. அங்கேயும் பேரம்தான். நுண்ணிய வேர் தெரிய வேண்டுமானால் தொட்டி சிறியதாக இருக்கணும். தொட்டி சிறுத்தால் வேர் சுருண்டுகொள்ளும். திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்தால் கதிரின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, 'செடிக்குத் தீங்கில்லாமல்' என்பதை நான் இப்போது 'குறைந்த தீங்கோடு' என்றுதான் படிக்கிறேன். வேரைப் பற்றி எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அளந்து முடித்த பிறகு அந்தச் செடி உயிரோடு இருந்ததா?

குறிப்பேட்டு வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: சராசரி மட்டும், வளர்வதை யாரும் பார்க்கவில்லை.