பலாவும் காந்தமும்: பேஸ் கிட்டாரின் கதை

1976ஆம் ஆண்டு 'அன்னக்கிளி' திரைப்படம் வெளிவந்தது. அதற்கு இசையமைத்த இளையராஜாவின் பிறந்த ஊரான பண்ணைப்புரமும், பழனிக்கு வடக்கே உள்ள தொப்பம்பட்டியும் அன்று ஒரே மதுரை மாவட்டத்தில் இருந்தன. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. அப்படத்திற்குப் பின் வந்த ஆண்டுகளில் தமிழ்த் திரைப்பாடல்களில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. அதுவரை தாளத்துக்குத் துணையாக மட்டும் ஒலித்துவந்த பேஸ் கிட்டார், பாட்டின் அடியில் தனக்கென ஒரு வழி வகுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியது.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியை உள்ளங்கை அகல டிரான்சிஸ்டர் வானொலியோ, கோயில் திருவிழாவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியோ எழுப்ப இயலாது. அப்படியானால் சிற்றூர் மக்கள் அந்த இசையைக் கேட்டது எப்படி?

விடை நம் காதிலும் மூளையிலும் உள்ளது. எந்தக் கம்பியும் ஒரே ஓர் அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. 41 ஹெர்ட்ஸ் அடிப்படை ஒலியோடு 82, 123, 165 என அதன் மடங்குகளும் சேர்ந்தே எழுகின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்கிறோம். அடிப்படை ஒலி காதுக்கு எட்டாவிட்டாலும், மேற்சுரங்களின் இடைவெளியைக் கொண்டு அது இன்னதென்று நாம் உணர்ந்துகொள்கிறோம். ஆகவே ஒரு பேஸ் கிட்டாரின் தரத்தை அறிய, அது எந்த மேற்சுரங்களை எந்த அளவில் அனுப்புகிறது என்று கேட்க வேண்டும். அதை முடிவு செய்வது கருவியின் மரமா, காந்தமா? வாங்குவோரையும் செய்வோரையும் முக்கால் நூற்றாண்டாகச் சச்சரவில் ஆழ்த்தியுள்ள வினா இது. மரத்தின் பெயரால் விலை பல மடங்கு ஏறுவதால், பணம் குறைந்த மாணவருக்கு இது வெறும் சச்சரவு அன்று.

வீணையில் மரமே ஒலிபெருக்கி

முதலில் நமக்குத் தெரிந்த கருவியைப் பார்ப்போம். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுகிறது. பண்ருட்டி வட்டாரப் பலாவுக்குத் தனி மதிப்பு உண்டு. குடம், தண்டி, யாளி முகம் ஆகியவற்றை ஒரே மரத்தில் குடைந்து செய்தால் அது ஏகாண்ட வீணை. இக்கைவினைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தந்தி மெல்லியது, தன்னளவில் அது தள்ளும் காற்று மிகக் குறைவு. அதன் அதிர்வு குதிரை வழியாகக் குடத்தின் மேற்பலகைக்கு இறங்குகிறது. பலகை பரந்தது; அது அதிரும்போதுதான் அறை முழுவதும் நாதம் கேட்கிறது. எனவே வீணையில் மரம்தான் ஒலிபெருக்கி. மரம் மாறினால் நாதமும் மாறும் என்பதில் ஐயமில்லை.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் இக்கருவியை இயற்பியலாளர் கண்கொண்டு ஆராய்ந்து, 1921இல் கட்டுரை வெளியிட்டார். கம்பியின் ஒரு புள்ளியில் மீட்டினால், அப்புள்ளியில் அசையாக் கணு உடைய மேற்சுரங்கள் ஒலிக்கா என்பது தாமஸ் யங் கண்ட விதி. வீணையும் தம்புராவும் இவ்விதிக்கு அடங்குவதில்லை. ஒலிக்கக் கூடாத மேற்சுரங்களும் அவற்றில் ஒலிக்கின்றன. தட்டையாகவும் சற்றே வளைந்தும் உள்ள குதிரையின் மேல் தந்தி பட்டுப் பட்டு விலகுவதே இதற்குக் காரணம் என்றார் இராமன். கணு பற்றிய இக்கருத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் அது நமக்கு உதவும்.

காந்தம் வந்தது

சுருளாகச் சுற்றிய கம்பியின் ஊடே காந்தப் பாயம் மாறினால் அச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்று 1831இல் ஃபாரடே கண்டறிந்தார். மின் கிட்டாரின் 'பிக்கப்' என்னும் உறுப்பு இவ்விதியின் நேரடிப் பயனாகும். நிலைக்காந்தத்தைச் சுற்றி, தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே எஃகுக் கம்பி காந்தமேற்ற நிலையில் அதிரும்போது பாயம் மாறுகிறது; சுருளில் சிறு மின்னழுத்தம் எழுகிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகியோர் முயற்சியில் இத்தகைய கிட்டார் 1932இல் விற்பனைக்கு வந்தது. அதன் உடல் வார்ப்பு அலுமினியம். வடிவத்தால் 'வாணலி' என்று செல்லப்பெயர் பெற்றது. மேடை விளக்குகளின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி கலைந்தது அதன் குறை. எனினும் ஓர் உண்மை அன்றே வெளிப்பட்டுவிட்டது: மரமே இல்லாமலும் கிட்டார் பாடும்!

ஊளைக்கு ஒரு மருந்து

குடைந்த உடலுள்ள கிட்டாரில் பிக்கப்பைப் பொருத்தியவர்கள் வேறொரு தொல்லைக்கு ஆளாயினர். ஒலிபெருக்கியின் ஒலி கருவியின் மேற்பலகையை அதிரவைக்கும். அவ்வதிர்வு மீண்டும் பிக்கப்பில் ஏறும். இவ்வாறு சுழன்று சுழன்று காதைப் பிளக்கும் ஊளை பிறக்கும். பலகையைக் குடையாமல் திண்ணிய கட்டையாகவே விட்டால் ஊளை அடங்கும். லெஸ் பால் என்ற கலைஞர் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பைன் கட்டையின் மேல் கம்பி கட்டி இதனை மெய்ப்பித்தார்.

பேஸ் கருவிக்கு இம்முறையை முதலில் கையாண்டவர் சியாட்டில் நகரின் பால் டுட்மார்க். அவருடைய ஆடியோவாக்ஸ் 736 என்ற கருவி 1930களின் நடுவில் வந்தது, ஆயினும் பரவவில்லை. ஆளுயரப் பெரு வயலினைச் சுமந்து திரிந்த கலைஞர்களுக்கு விடுதலை அளித்தவர் லியோ ஃபெண்டர். வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்தியவர் இவர்; கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1951இல் இவர் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' கருவியில் மெட்டுகள் இருந்ததால் சுரம் பிசகாமல் விரல் வைக்க முடிந்தது. கம்பியின் நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 864 மில்லிமீட்டர். இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவு இதுவே.

அதன் உடல் ஆஷ் மரம். தண்டி மேப்பிள் மரம். 1956ஐ ஒட்டி ஆஷுக்குப் பதிலாக ஆல்டர் மரம் பெரிதும் பயன்படலாயிற்று. பலகை மலிவாகக் கிடைக்கிறதா, எளிதில் அறுபடுகிறதா, வண்ணம் பிடிக்கிறதா என்பவை தொழிற்சாலையின் கேள்விகள். இவ்வாறு தேர்ந்த மரங்களே பிற்காலத்தில் 'உயர்ந்த நாத மரங்கள்' என்று புகழ் பெற்றன.

பிக்கப் எந்த இடத்தில்?

இப்போது கணுவுக்கு வருவோம். கணுவில் மீட்டினால் அந்த மேற்சுரம் எழுவதில்லை அல்லவா? அதுபோலவே, கணுவுக்கு நேர் கீழே பிக்கப் இருந்தால் அந்த மேற்சுரம் பிக்கப்புக்குத் தெரிவதில்லை. அங்கே கம்பி அசைவதில்லை. ஆகவே பாயமும் மாறுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 864 மி.மீ. கம்பியில், குதிரையிலிருந்து கால் பங்குத் தொலைவில், அதாவது 216 மி.மீ.இல் ஒரு பிக்கப் உள்ளது என்க. திறந்த கம்பியை மீட்டினால் 4, 8, 12ஆம் மேற்சுரங்கள் ஏறத்தாழ மறைந்துவிடும். பன்னிரண்டாம் மெட்டில் விரல் வைத்தால் கம்பியின் நீளம் 432 மி.மீ. ஆகிறது, பிக்கப் இப்போது சரிபாதியில் நிற்கிறது. உடனே 2, 4, 6 என எல்லா இரட்டை மேற்சுரங்களும் மங்கிப் போகின்றன. பிக்கப் இடம் மாறவில்லை. ஆயினும் ஒலியின் நிறம் மாறிவிட்டது.

பிக்கப்பைக் குதிரையின் அருகே நகர்த்தினால் மேற்சுரங்கள் தெளிவாக வரும். ஆனால் அங்கே கம்பியின் வீச்சு குறைவாதலால் அடிப்படை ஒலி மெலியும். தண்டியின் பக்கம் நகர்த்தினால் ஒலி திரண்டு உருண்டு வரும். இவ்விரண்டையும் வேண்டியபடி கலந்துகொள்ளும் வகையில் 1960இல் இரு பிக்கப்புகளுடன் வந்ததே 'ஜாஸ் பேஸ்'.

வீட்டு மின்சாரம் என்னும் பகை

பிக்கப்பின் சுருள் கம்பியின் அதிர்வை மட்டுமா பிடிக்கிறது? அறையிலுள்ள மின்கம்பி, மின்மாற்றி ஆகியவற்றின் காந்தப் புலத்தையும் பிடித்து 'உம்' என்று இரைகிறது. நம் நாட்டு மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் முதல் இரு கம்பிகள் 41, 55 ஹெர்ட்ஸில் உள்ளன. தடித்த கம்பியின் மூன்றாம் மெட்டோ 49 ஹெர்ட்ஸ்! இரைச்சலை வடிகட்டப் போனால் சுரமும் சேர்ந்து போய்விடும்.

இதற்கு எளிய தீர்வு உண்டு. இரு சுருள்களை எதிரெதிர்த் திசைகளில் சுற்றி, காந்தத் துருவங்களையும் எதிரெதிராக வைத்தால், வெளி இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி மட்டும் கூடும். 1957இல் பிரிசிஷன் பேஸின் பிக்கப் இரு துண்டாகப் பிரிந்தது. ஒரு துண்டு இரு தடித்த கம்பிகளுக்கு, மற்றது இரு மெல்லிய கம்பிகளுக்கு. நில இணைப்பு ஒழுங்காக இல்லாத திருவிழா மேடைகளில் வாசிக்கும் நம்மவர்க்கு இந்த ஏற்பாட்டின் அருமை நன்கு தெரியும்.

அப்படியானால் மரத்துக்கு வேலை என்ன?

பிக்கப் கேட்பது கம்பியின் அசைவை. மரத்தின் ஒலியை அன்று. மரம் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும்: கம்பியின் ஆற்றலைச் சிறிது உறிஞ்சிக்கொள்ளலாம். கனத்த உடற்கட்டை குதிரையில் ஏறத்தாழ அசையாமல் நிற்பதால் அது உறிஞ்சுவது மிகக் குறைவு. தண்டி அப்படியன்று, அது நீண்டு ஒடுங்கியது, வளையக் கூடியது. தண்டியின் இயற்கை அதிர்வெண்ணும் சுரத்தின் அதிர்வெண்ணும் ஒன்றினால் ஒத்ததிர்வு ஏற்பட்டு, கம்பியின் ஆற்றலைத் தண்டி விழுங்கிவிடும். அச்சுரம் மட்டும் மற்றவற்றைவிட விரைவில் அணைந்து போகும். பல பேஸ் கிட்டார்களில் மெல்லிய கம்பியின் ஐந்தாம் மெட்டிலிருந்து ஏழாம் மெட்டு வரை இத்தகைய 'செத்த இடம்' காணப்படும். ஜெர்மானிய ஒலியியலாளர் ஹெல்முட் ஃபிளைஷர் இதனை அளந்து காட்டியுள்ளார். தண்டியின் தலைப்பகுதியில் சிறு எடை ஒன்றைக் கவ்வவைத்தால் செத்த இடம் நகர்ந்துவிடுவதை எவரும் சோதித்து அறியலாம்.

நான்கு கம்பிகளும் சேர்ந்து தண்டியை ஏறத்தாழ 75 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் இழுக்கின்றன. எனவே தண்டிக்கு நேரான இழையோட்டமும், நன்கு உலர்ந்த வன்மையும் இன்றியமையாதவை. உடலுக்கு வேண்டுவன தோள் தாங்கும் எடை, திருகாணி பிடிக்கும் உறுதி, மழைக்காலத்திலும் கோணாத இயல்பு ஆகியவை. 1980ஐ ஒட்டி நெட் ஸ்டைன்பெர்கர் கரியிழைக் கலவையில் தலையும் மரமும் இல்லாத பேஸ் கிட்டாரைச் செய்து காட்டினார்; இசைக்கலைஞர்கள் அதனை விரும்பி ஏற்றனர்.

காடும் கருவியும்

மரப் பேச்சு காட்டிலும் எதிரொலித்தது. கிட்டாரின் விரற்பலகைக்கு உலகமே தேடும் மரங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, அதாவது தோதகத்தி. ஈட்டி இனங்கள் அழிவதைத் தடுக்க, 2017 தொடக்கத்தில் அவற்றின் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019இல் விலக்குக் கிடைத்தது. வட அமெரிக்க ஆஷ் மரங்களை ஒரு துளைப்பான் வண்டு அழித்துவருகிறது. ஆஷ் கிடைப்பது அரிதானதால் ஃபெண்டர் நிறுவனமே 2020இல் தன் பெரும்பாலான கருவிகளில் அதனைக் கைவிடுவதாக அறிவித்தது.

நம் வீணைக்கோ வேறொரு பாடம். பித்தளைத் தந்தி காந்தத்தை ஈர்க்காது. ஆகவே அதன் அதிர்வு காந்தப் பிக்கப்பில் பதிவாகாது. எனவே வீணைக் கச்சேரிகளில் கருவியின் மேல் ஒட்டும் ஒலிவாங்கி பயன்படலாயிற்று. அது பலகையின் அதிர்வையே பற்றுவதால் அங்கே பலாவின் பங்கு குறையாமல் இருக்கிறது. மாறாக, யு. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த மின் மாண்டலினில் எஃகுக் கம்பியும் காந்தமும் சேர்ந்து, கமகத்துக்கு வேண்டிய நீண்ட கார்வையைத் தந்தன.

ஆகவே பேஸ் கிட்டார் வாங்கும் இளைஞர் மரத்தின் பெயரைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. முதலில் ஒவ்வொரு மெட்டிலும் விரல் வைத்து, எந்தச் சுரம் விரைவில் அணைகிறது என்று கவனிக்க வேண்டும். அடுத்து, பிக்கப் இருக்கும் இடத்தையும், இரைச்சல் அடங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கடைசியாகத் தோளில் மாட்டி எடையை உணர வேண்டும். இம்மூன்றிலும் தேறிய கருவியின் உடல் நம்மூர் மலிவு மரமாயினும் குறையில்லை. மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல ஒலிபெருக்கி வாங்கலாம்; 41 ஹெர்ட்ஸ் ஒலியை அப்போதாவது ஊரார் நேராகவே கேட்கட்டும்.