காதைக் கொடுத்து முகத்தைக் காத்த கதை

வங்கியில் வாராக்கடன் என்று ஒன்று உண்டு. இனி வராது என்று தெரிந்ததைத் தள்ளிவிட்டு, மீதியைக் காப்பாற்றப் பார்ப்போம். அறுவை சிகிச்சை வரலாற்றிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள்!

உட்காதிலிருந்து மூளைக்குப் போகும் சமநிலை நரம்பில் சிலருக்கு ஒரு கட்டி வரும். புற்றுநோய் அல்ல, மெதுவாகத்தான் வளரும். முதலில் ஒரு காது மந்தமாகும், இரைச்சல் கேட்கும். பெரிதானால் மூளைத்தண்டை அழுத்தி உயிருக்கே ஆபத்து. முகத்தை அசைக்கும் நரம்பும் அதை ஒட்டியே ஓடுவதுதான் சிக்கல்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலையின் பின்பக்கத்தைத் திறந்து, விரலாலேயே கட்டியைத் தோண்டி எடுத்தார்கள். பாதிக்கு மேல் இறந்துபோனார்கள். அமெரிக்காவின் ஹார்வி குஷிங் கட்டியின் உள்பகுதியை மட்டும் சுரண்டி எடுத்து, 1917 வாக்கில் மரணத்தைச் சுமார் 20 சதவீதமாகக் குறைத்தார். மிச்சம் வைத்தது மறுபடி வளர்ந்தது. அடுத்து வால்டர் டாண்டி முழுக் கட்டியையும் எடுத்துக் காட்டினார். ஆனால் பிழைத்தவர்களில் பலருக்குப் பாதி முகம் செயலிழந்தது. கண் மூடாது, வாய் கோணிவிடும்.

காது வழியாகவே போகலாமே என்று ஜெர்மனியின் ருடால்ஃப் பான்ஸே 1904-லேயே சொல்லியிருந்தார். உளியும் சுத்தியலும் இருந்த காலத்தில் அந்தக் குறுகலான எலும்புக்குள் அது எடுபடவில்லை.

அதற்கு உயிர் கொடுத்தவர் லாஸ் ஏஞ்சலிஸின் வில்லியம் ஹவுஸ். பல் மருத்துவம் படித்துவிட்டுக் காது மருத்துவத்துக்கு வந்தவர். 1960-களின் தொடக்கத்தில், சுழலும் துளைக்கருவியும் நுண்ணோக்கியும் கொண்டு, காதின் பின்னெலும்பைக் குடைந்து, உட்காதின் அரைவட்டக் குழாய்களை எடுத்துவிட்டுக் கட்டியை அடைந்தார். நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் ஹிட்செல்பெர்கர் துணை நின்றார். அந்தக் காது அடியோடு போய்விடும். பெரும்பாலும் அது ஏற்கெனவே போன காதுதான். பதிலுக்கு, சிறுமூளையை அழுத்தி ஒதுக்க வேண்டாம். முக நரம்பையும் கண்ணால் பார்த்துக் காப்பாற்றலாம்.

காது டாக்டருக்கு மூளைப் பக்கம் என்ன வேலை என்று எதிர்ப்பு வராமல் இல்லை. 1964-இல் முடிவுகளை வெளியிட்டார். மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டார்கள். கேட்கும் திறன் மிஞ்சியிருப்பவர்களுக்காக உட்காதைத் தொடாத மேல்வழி ஒன்றையும் அவரே 1961-இல் அறிமுகப்படுத்தியிருந்தார். ஹவுஸ் 2012-இல் காலமானார். முக நரம்பை அடையாளம் காட்டும் சிறு எலும்பு வரம்புக்கு அவர் செல்லப்பெயரால் ‘பில்ஸ் பார்’ என்றே பெயர். வங்கிக்காரனுக்குப் பில் என்றால் வேறு ஞாபகம் வரும், அது போகட்டும்.

இன்று சிறிய கட்டி என்றால் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் உண்டு, கதிர்வீச்சும் உண்டு. எல்லாவற்றுக்கும் முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே! ஊரிலிருக்கும் அப்பாவோ அம்மாவோ போனை எப்போதும் ஒரே காதில் வைத்துப் பேசினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.