அந்த மூன்று செக்கன் எங்கே போனது?

கொழும்பின் காலி வீதித் தொடர்மாடிகளில் பிள்ளைகள் தாங்கள் ரூபிக்ஸ் கியூப் சேர்ப்பதை ஃபோனில் எடுத்து, கொட்டாஞ்சேனைக் கூட்டாளிக்கும் முகம் தெரியாத வெளிநாட்டுக்காரருக்கும் அனுப்புகிறார்கள். "எங்கே பிந்துறன், பார்த்துச் சொல்லுங்கோ." முப்பது செக்கன் வீடியோவுக்கு முழுப் பக்கத்தில் பதில் வரும். கியூபுக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. இந்தப் பழக்கம் அதைவிட மிக இளையது.

எர்னோ ரூபிக் 1974இல் புடாபெஸ்டில் அதைச் செய்தபோது, தான் கலைத்ததைத் தானே சேர்க்க அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. 1982 ஜூனில் அதே நகரில் முதல் உலகப் போட்டி. லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்த மின் தாய் 22.95 செக்கனில் வென்றார். பிறகு மோகம் வடிந்தது. கியூப்கள் அலுமாரிக்குள் போயின. அடுத்த உலகப் போட்டி 2003இல்தான், டொரொன்டோவில். அங்கே டென்மார்க்கின் யெஸ் பொண்டே ஒரு தடவை 16.53இல் முடித்தார். அதாவது இருபத்தொரு வருடத்தில் ஏறக்குறைய ஆறரை செக்கன்தான் குறைந்தது. ஆனால் 2008இல் நெதர்லாந்தின் எரிக் அக்கர்ஸ்டைக் 7.08 செக்கனில் சேர்த்துவிட்டார். ஐந்தே வருடத்தில் ஒன்பது செக்கன்!

இதில் கியூபுக்கும் பங்குண்டு. பழைய கியூப் ஒரு மயிரிழை பிசகினாலும் இறுகிக்கொள்ளும். புதியவை பிசகினாலும் வழுக்கிக்கொண்டு திரும்பும். ஆனாலும் பெரிய மாற்றம் வேறிடத்தில் நடந்தது என்றே நினைக்கிறேன்.

1982 போட்டியில் கலந்துகொண்டவர்களில் ஒருவர் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெஸிக்கா ஃப்ரிட்ரிக். முதலில் அடியில் சிலுவை, பிறகு இரண்டு தட்டுகளைத் துண்டுகளால் சோடி சோடியாக நிரப்புவது, கடைசித் தட்டை 57, 21 என்று இரு தொகுதி சூத்திரங்களால் முடிப்பது: பலரும் சேர்ந்து வளர்த்த இந்த முறையை அவர் 1997இல் இணையத்தில் போட்டார். ஆனால் சூத்திரம் என்பது எழுத்து வரிசை. எந்தப் பக்கத்தைத் திருப்பவேண்டும் என்று சொல்லும்; எந்த விரலால் என்று சொல்லாது.

2005இல் யூடியூப் வந்ததும் அந்த விரல் தெரிந்தது. 'பேட்மெஃபிஸ்டோ' என்ற பெயரில் ஒரு மாணவர் பொறுமையாகப் பாடம் எடுத்தார். செயற்கை நுண்ணறிவுத் துறையில் இன்று எல்லோருக்கும் தெரிந்த ஆந்த்ரே கர்பதிதான் அவர். மெல்பேர்னில் ஃபீலிக்ஸ் செம்டெக்ஸ் என்ற சிறுவன் 2008இல் இப்படியான வீடியோக்களைப் பார்த்துத்தான் கியூப் வாங்கினான். அக்கர்ஸ்டைக்கின் 7.08ஐ 2010இல் முறியடித்தவன் அவன்தான்.

பார்த்துப் பழகியவர்கள் பிறகு தங்களையே படம்பிடித்துக் காட்டத் தொடங்கினார்கள். மணிக்கூடு மொத்த நேரத்தை மட்டுமே சொல்லும். சேர்ப்பவருக்கோ கை ஓயாமல் ஓடியதாகத்தான் ஞாபகம். வீடியோவை மெதுவாக ஓடவிட்டால், ஒரு சோடியைப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடும்போது கை சும்மா நிற்பது தெரியும். நாலு சோடிக்கும் முக்கால் செக்கன்படி நின்றாலே மூன்று செக்கன் போய்விடும். தேவையில்லாமல் முழுக் கியூபையும் சுழற்றிப் பார்ப்பதும் அகப்படும். விவரம் தெரிந்த பிள்ளைகள் கியூபைக் கலைத்த வரிசையையும் வீடியோவோடு எழுதி அனுப்புவார்கள். அப்போது பார்ப்பவர் தன் கியூபையும் அப்படியே கலைத்து, ஒவ்வொரு திருப்பாகப் பின்தொடர்ந்து, "இந்த இடத்தில் இடப்பக்கச் சோடி தயாராக இருந்தது, நீ பார்க்கவில்லை" என்று சொல்லலாம்.

சிலுவையைப் போட்டி விதி தரும் பதினைந்து செக்கன் பார்வை நேரத்திலேயே முழுதாக யோசித்து முடி என்பார்கள் பதில் எழுதுபவர்கள். அதற்கு அடுத்து அதிகம் கிடைக்கும் புத்தி: கையை மெதுவாக்கு. கை மெதுவானால்தான் கண் அடுத்த சோடியை முன்கூட்டியே பிடிக்கும். வேகம் கேட்டு வந்த பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது எப்படி ருசிக்கும்? அடுத்த கிழமையும் அதே இடத்தில் நிற்கும் கையோடு இன்னொரு வீடியோ வரும்.