நீர் தந்தவரும் நீங்கிச் சென்றோரும்

கூடலூர் தொடங்கிக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியே தேனி நோக்கி விரியும் கம்பம் பள்ளத்தாக்கைக் காண்போர், அது என்றும் வளமாகவே இருந்த மண் என எண்ணக்கூடும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. மலைக்கு மேற்கே பெய்த மழை பெரியாறாகப் பெருகி அரபிக் கடலில் கலந்தது. கிழக்கே வைகை நிலமோ வானம் பார்த்துக் கிடந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் தென்னாட்டையே உலுக்கியது.

அந்நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் அதற்கும் முந்தியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்கு வழி தேடினார். 1808இல் ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல், இயலாதென்று எழுதிவிட்டார். 1886 அக்டோபரில் திருவிதாங்கூரும் ஆங்கில அரசும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் செய்துகொண்டன. மறு ஆண்டு தொடங்கிய அணை வேலை, பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் வெள்ளத்தையும் காட்டுக் காய்ச்சலையும் எதிர்த்து நடந்தேறியது. 1895 அக்டோபரில் நீர் கிழக்கே திரும்பிற்று. அதற்காக உயிர் நீத்த தொழிலாளர் பலர். அவர்களையும் சேர்த்தே நாம் நன்றி கூற வேண்டும்.

ஆயினும் நீர் வந்த பிறகும் நிலமற்றோர்க்கு நிலம் வரவில்லை. பள்ளத்தாக்கின் ஏழை மக்கள் ஏலமலைத் தோட்டங்களில் கூலி தேடினர். இன்றும் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏறிச் செல்லும் பெண்களைக் காணலாம். வேறு சிலர் கடல் கடந்தனர். அரபு நாடுகளிலும் இங்கிலாந்திலும் வாழ்வு அமைத்துக்கொண்டனர்.

அணையைக் கட்டிய பென்னிகுயிக் 1841இல் புனேயில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் மறைந்தவர். அவர் கல்லறை அருகிலுள்ள ஃபிரிம்லி தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அங்கே குடியேறிய நம் பள்ளத்தாக்கு மக்கள் அதைத் தேடிச் சென்று போற்றினர். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கேம்பர்லியில் அவருக்குச் சிலை நிறுவியது. இங்கிருந்து சென்றோர், இங்கு வந்து உழைத்தவரின் ஊரில் நின்று நன்றி செலுத்துவது வரலாற்றின் அழகிய திருப்பம்.

ஆனால் நன்றி சிலையோடு நிறைவு பெற்றுவிடுமா? பிரிந்து வாழ்வோரின் உள்ளத்தில் ஊரைப் பற்றிய ஆசைகள் பல உண்டு. 1928இல் போடிக்கு வந்த இரயில், இரண்டாம் உலகப் போரில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு நின்றது. விடுதலைக்குப் பின் மீண்டும் ஓடியது. அகலப்பாதைப் பணிக்காக 2010இன் இறுதியில் நின்ற வண்டி, போடியை மறுபடி அடைய 2023 ஜூன் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கம்பத்துக்கோ இன்னும் இருப்புப்பாதையே இல்லை. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்புகழின் பயன் உழவனின் கைக்கு வந்து சேர வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆசை, நீரைப் பற்றியது. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. அதற்குச் சுமார் இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 2011 டிசம்பரில், அணைப் பூசலால் குமுளி எல்லை அடைபட்டது. மலையில் வேலை செய்த நம் கூலித் தொழிலாளர்கள் அஞ்சி இறங்கி ஓடிவர நேர்ந்தது. தீர்ப்பு நீரின் உயரத்தை வரையறுக்கலாம். இருபுறத்து மக்களின் நல்லெண்ணத்தை மக்களே வளர்க்க வேண்டும். அயல்நாட்டில் மலையாளியோடு ஒரே அறையில் தங்கி, ஒரே கலத்தில் உண்டு வாழும் நம் இளைஞர்களைவிட அதற்கு ஏற்றவர் யார்?

இப்பள்ளத்தாக்கு தன் ஆசையைத் தன் கையாலேயே நிறைவேற்றிக்கொண்டதற்கும் சான்று உண்டு. உத்தமபாளையத்தில் 1956 முதல் விளங்கும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியே அது. தன் ஊர்ப் பிள்ளைகள் பட்டப்படிப்புக்காகத் தொலைவு செல்ல வேண்டாம் என்று ஒருவர் நினைத்ததன் பலனை, சமய வேறுபாடின்றித் தலைமுறைகள் அனுபவிக்கின்றன. நீரும் கல்வியும் நிலைத்த தருமங்கள் என்பது நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த பாடமன்றோ!

வெளிநாட்டுப் பணத்தால் இன்று ஊரெங்கும் மாடி வீடுகள் எழுகின்றன; அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. அச்செல்வத்தில் ஒரு பங்கு, ஜீப்பேறிச் செல்லும் தாயின் மகளுக்குக் கல்வி உதவியாகவும், திராட்சையைக் கெடாது காக்கும் குளிர்பதனக் கிடங்காகவும் மாறுமாயின், ஊரை விட்டுச் செல்லும் கட்டாயம் அடுத்த தலைமுறைக்குக் குறையும்.

அணை ஒப்பந்தத்துக்கு இன்னும் எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயுள் இருக்கிறது. அத்துணை நீண்ட காலத்தை மனத்திற்கொண்டு திட்டமிட்டவர்களின் நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு தலைமுறைக்கு அப்பாலாவது நம் நினைவு செல்ல வேண்டாமா?