ரோமச் செப்புக்காசுகள், பிற்காலத்தவை

கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில் ரோமப் பேரரசில் அடிக்கப்பட்டு, தமிழகத்திலும் இலங்கையிலும் கிடைக்கும் சில்லறைக் காசுகள். உலோகம் வெண்கலமே, ஆனாலும் இங்கே செப்புக்காசு என்பதே வழக்கு. கரூரில் அமராவதி மணலிலும் மதுரையில் வைகை மணலிலும் மிகுதியாகக் கிடைத்துள்ளன.

இனங்காணல்: பல காசுகள் சட்டைப் பொத்தானைவிடப் பெரியவை அல்ல. முன்புறம் முத்துப்பட்டம் கட்டிய அரசன் தலை. சுற்றிலும் உள்ள பெயர் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். ஆகவே பின்புறமே துணை. இரு வீரர் நடுவே இரண்டு கொடிக்கம்பம் இருந்தால் 330களின் முற்பாதி. ஒரே கம்பம் என்றால் அதற்குச் சற்றுப் பின். குதிரையோடு சரிந்தவனை ஈட்டியால் குத்தும் வீரன் 348க்குப் பிந்தியவன். கைதி ஒருவனை இழுத்துச் செல்லும் சிறகு முளைத்த வெற்றித் தேவதை 388 முதல் வருகிறாள். கைதி வெறும் நாலைந்து கோடுதான், ஆனால் முரண்டு பிடிப்பது தெரியும். மூன்று அரசர் நின்றால் அர்க்காடியஸ், ஹொனோரியஸ், இரண்டாம் தியோடோசியஸ். அடியில் உள்ள நாணயச்சாலைக் குறி, அச்சைவிடத் தகடு சிறிதாக இருப்பதால், பெரும்பாலும் வெளியே போய்விடும்.

தஞ்சை வட்டாரத்தில் அகப்படும் தேய்ந்த வட்டச் செப்புக்காசை ரோமக் காசு என்று மயங்கக் கூடாது; அது அநேகமாக ராஜராஜன் பெயர் பொறித்தது. ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், நாகரி எழுத்து. ரோமக் காசின் முன்புறம் தலை மட்டுமே இருக்கும். சங்கச் சோழர் காசு சதுரம். அதில் குழப்பம் இல்லை.

ஆய்வு வரலாறு: முதலில் பொன்னுக்கே மதிப்பு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 பொற்காசுகள் உடனே நூலேறின, செம்பு காத்திருந்தது. 1904இல் இராபர்ட் சுவெல், மதுரைச் செப்புக்காசுகளைக் கொண்டு அங்கே ரோமர் குடியிருப்பு இருந்திருக்கலாம் என்று எழுதினார். உள்ளூர் மக்களே புழங்கினர் என்பாரும் உளர். இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைப்பதும், அங்கே போலிகள் வார்க்கப்பட்டதும் அந்தக் கருத்துக்கு வலுச் சேர்க்கின்றன. காசுகள் அடித்த காலத்திலேயே வந்தனவா, பழசாகி மொத்தமாக வந்தனவா என்பதும் முடிவாகவில்லை. 1960இல் கார்சன், ஹில், கென்ட் வெளியிட்ட கையேடு வகைப்படுத்தலை எளிதாக்கியது. தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் கரூர், மதுரைக் காசுகளைத் தனி நூலாக்கினார்.

ஆற்றுக் காசுக்கு மண்ணடுக்குச் சான்று இல்லை. வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில் அகழாய்வில் கிடைத்தவை இதற்கு விலக்கு. அங்கே 2016–17இல் மீண்டும் அகழ்ந்தனர்.