நாடாவில் உறையும் நாதம்

தேவாரத் திருப்பதிகங்களின் சொல்லை ஏடு காத்தது. பண்ணை ஓதுவார் மிடறு காத்தது. ஏட்டிற்கு நேர்ந்த இடர் சைவ உலகம் அறிந்ததே. முதலாம் இராசராச சோழர் (985–1014) காலத்தில் தில்லையில் பூட்டிய அறையைத் திறந்தபோது, ஏடுகள் புற்றால் மூடுண்டு கிடந்தன என்றும், எண்ணெய் சொரிந்து புற்றினை நீக்கி எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பிகள் எடுத்தனர் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும்.

சொல் கிடைத்தது, பண் கிடைத்திலது. ஆதலின் திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய பெண்மணியார் வாயிலாகப் பண்முறை வகுக்கப்பெற்றது என்பதும் அப்புராணச் செய்தியே. ஏடு தரமாட்டாததை ஒரு குடியின் மிடறு தந்தது. அம்மன்னரே தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பிடாரரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரையும் அமைத்து, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கச் செய்தமையைக் கல்வெட்டுக் காட்டுகின்றது.

மிடற்றொலியைப் பொருளில் நிறுத்தும் வழி, 1877-இல் எடிசன் அமைத்த கருவியால் பிறந்தது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட கேசட், நாளடைவில் எளியோர் இல்லங்களுக்கும் வந்தது. திருவிழாக்களில் ஓதுவார்கள் பாடிய பதிகங்கள் அதில் தங்கின. பாடியவருள் பலர் இறைவன் திருவடி எய்தினர். குரல் மட்டும் அலமாரியில் இருக்கின்றது.

அந்நாடாவும் ஓர் ஏடே. 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய படலத்தின்மேல் காந்தத் துகள் பூசப்பெற்றது அது. வெப்பமும் ஈரமும் பட்டால் பூஞ்சணம் பற்றும், துகளைப் பிடித்துள்ள பசை தளரும், ஒலி மங்கும். இதனை அழிக்கக் கறையான் வேண்டுவதில்லை, காலமே போதும். நாடாவை ஓட்டும் நல்ல கருவியும், அதனைச் செப்பனிட வல்லாரும் அருகி வருதல் மற்றோர் இடர்.

ஆதலின் இவற்றைக் கணிப்பொறியில் ஏற்றுதல் இக்காலத் திருமுறைப் பணியாகும். கேசட்டின் மேல்விளிம்பிலுள்ள இரு சிறு காதுகளை முதலில் ஒடித்துவிடின், வேறொன்று அதன்மேல் பதியாது. கருவியின் காந்தத் தலையைத் துடைத்து, அதன் சாய்வை அந்நாடாவிற்கு ஏற்பத் திருத்திய பின்னரே ஓட்டுதல் வேண்டும். ஒலியை நொடிக்கு 96,000 முறை அளந்து, 24 பிட் அளவில் சுருக்காது வைத்தால், ஒரு மணி நேரத்து இருதட ஒலி ஏறத்தாழ 2 கிகாபைட் இடம் கொள்ளும். எம்.பி.3 முதலிய சுருக்க வடிவங்கள் கேட்டற்கு உதவும், மூலம் ஆகமாட்டா. ஒரே படியாயின் அதுவும் ஒருநாள் அழியும். இரண்டு மூன்று படிகளை வெவ்வேறிடங்களில் வைத்தல் நன்று.

இயந்திரம் செய்யமாட்டாத பணியும் ஒன்று உண்டு. 'தேவாரம்' என்னும் ஒரு சொல்லே மேலட்டையில் எழுதப்பெற்ற நாடாக்கள் பல. பாடியவர் யார், எத்தலம், எவ்வாண்டு என்பவற்றைக் குரல் கேட்டுச் சொல்லவல்லார் முதியோரே. அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும்; இன்றேல் குரல் பிழைத்தும் பேர் மறையும்.

குடமுழுக்கிற்குப் பொன்னும் பொருளும் வழங்கும் அன்பர்கள், தம் இல்லத்துப் பழைய நாடாக்களையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக. அன்று எருக்கத்தம்புலியூரில் ஒரு குடி காத்த இசையால் பண் மீண்டது. அப்பேறு இன்று ஓர் இல்லத்து அலமாரிக்கும் வாய்த்தல் கூடும். அதற்குத் திருவருள் துணை நிற்பதாகுக.