திருத்தாமல் விட்ட பிழை

கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டை நானே எழுதிப் பார்த்தேன். மேலே வரிசை வரிசையாக வேற்றுக்கிரகவாசிகள், கீழே ஒற்றைப் பீரங்கி. ஓடியது, ஆனால் சப்பென்று இருந்தது. அசலில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். கடைசி ஒருவன் தலைதெறிக்க ஓடுவான். என்னுடையதில் கடைசிவரை ஒரே நடை. நிரலில் எங்கே தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். என் கணினி வேகமாக இருந்ததுதான் தப்பு.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய விளையாட்டு அது. உள்ளே இருந்தது 2 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் 8080 செயலி. நிரல், படங்கள் எல்லாம் சேர்த்து 8 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸப்பில் வரும் குட்மார்னிங் படம்கூட அதைவிடப் பெரிது. 55 எதிரிகளையும் ஒரே சமயத்தில் நகர்த்த அந்தச் செயலிக்குத் தெம்பில்லை. திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் ஆளை மட்டும் நகர்த்தி வரையும். ஆக, முழுப்படையும் ஓர் அடி எடுத்துவைக்கக் கிட்டத்தட்ட ஒரு விநாடி. பாதிப்பேரைச் சுட்டுவிட்டால் அரை விநாடி. ஒருவனே மிச்சம் என்றால் விநாடிக்கு 60 அடி!

இது அவர் திட்டமிட்டதல்ல. நானாக இருந்தால் ‘பிழை’ என்று குறித்துவைத்துத் திருத்தியிருப்பேன். அவர் விட்டுவைத்தார். சும்மாவும் விடவில்லை. பின்னணியில் இதயத்துடிப்பு மாதிரி நான்கு சுரங்கள் ஒலிக்குமே, அதுவும் வேகமெடுக்கும். அது தற்செயல் அல்ல. எத்தனை பேர் மிச்சம் இருந்தால் எவ்வளவு இடைவெளி என்று நிரலில் ஓர் அட்டவணையே இருக்கிறது. தானாக வந்த வேகத்துக்கு அவர் உட்கார்ந்து தாளம் போட்டிருக்கிறார்.

மூன்று வருடம் முன்னால், 1975இல் வெளியான ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ படத்துக்கும் இப்படித்தான் ஆனது. இயந்திரச் சுறா உப்புத்தண்ணீரில் இறங்கியதும் மக்கர் செய்தது. 55 நாளில் (இங்கேயும் 55!) முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. படம் தொடங்கி ஒரு மணி நேரம் தாண்டியும் சுறா முழுதாகக் கண்ணில் படாது. மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களையும் ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்களையும் வைத்தே பயமுறுத்திவிட்டார்கள்.

இதைச் சொல்லி, ‘வசதி இல்லாவிட்டால்தான் கலை பிறக்கும்’ என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. மெதுவான செயலியால் பெரும்பாலும் மெதுவான விளையாட்டுதான் கிடைக்கும். ஓடாத சுறாவால் பாதியில் நின்ற படம்தான் மிஞ்சும். கோளாறைப் பார்த்து, ‘இரு, இது நல்லா இருக்கே’ என்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் என் விளையாட்டைச் சரிசெய்தேன். உயிரோடு இருப்பவர்களை எண்ணி, அதற்கேற்ப வேண்டுமென்றே தாமதிக்கும்படி நான்கு வரி சேர்த்தேன். நிஷிகாடோ அந்த நான்கு வரியை எழுதவே இல்லை.